முடி கொட்டுவது ஒன்று, தலை அரிப்பது வேறொன்று
ஆண்களின் முடி மெலிவுக்கும் தலைத்தோல் தொல்லைக்கும் காரணங்கள்

மாப்பிள்ளை பார்க்கும் வீடுகளில் படிப்பு, வேலை, குடும்பம் என்று விசாரித்த பிறகு, இப்போது தயங்காமல் கேட்கப்படும் இன்னொரு கேள்வி தலைமுடியைப் பற்றியது. 24, 25 வயதிலேயே நெற்றி ஏறிவிட்ட பிள்ளைகள் தொப்பி இல்லாமல் போட்டோ எடுத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தை நம்பி ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. மூலிகை எண்ணெய், வெங்காய ஷாம்பு, பயோட்டின் மாத்திரை, தலையில் ஊசி, முடி நடுதல் என்று ஒவ்வொன்றாகச் செலவு செய்து பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் தோல் டாக்டரிடம் போகிறோம்.

பணம் போவது ஒரு நஷ்டம். காலம் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். ஏனென்றால் முடி குறைவதற்குக் காரணம் ஒன்றல்ல. சில காரணங்களில், பொறுத்திருந்தால் முடி தானாகவே திரும்ப முளைக்கும். சிலவற்றில், மருந்து போட்டால் கொட்டுவது நிற்கும். இன்னும் சிலவற்றில், சில மாதங்கள் தள்ளிப்போட்டாலே முடியின் வேர் தழும்பாகிவிடும். பிறகு எந்த மருந்தாலும் அந்த இடத்தில் முடி வராது.

இவற்றைப் பிரித்தறிய வீட்டிலேயே கேட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கேள்வி உண்டு. முடி குறைகிறதே, கூடவே தலைத்தோலில் அரிப்போ, எரிச்சலோ, வலியோ இருக்கிறதா? ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கை பொதுவாக அரிக்காது, வலிக்காது, செதில் உதிராது, சீழ் வைக்காது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், அங்கே வேறொரு கோளாறு தனியாகவோ வழுக்கையோடு சேர்ந்தோ இருக்கிறது என்று பொருள். இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

முடி வளரும் முறை

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளரும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி அடங்கி, ஏறக்குறைய 3 மாதம் ஓய்வில் இருந்து உதிரும். அதே வேரிலிருந்து புது முடி புறப்படும். எந்த நேரத்தில் பார்த்தாலும் பத்தில் ஒன்பது பங்கு முடி வளரும் நிலையிலும், மிச்சம் ஓய்விலும் இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. தலையணையிலும் சீப்பிலும் நாலு முடியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

ஆரோக்கியமான முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே எந்த உண்மையான சிகிச்சைக்கும் பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். '15 நாளில் முடி வளரும்' என்று சொல்லும் எந்த விளம்பரமும் இந்தக் கணக்குக்குள் அடங்காது.

வலியில்லாமல் வரும் வழுக்கை

ஆண்களின் முடி மெலிவில் மிகப் பெரும்பகுதி பரம்பரை வழுக்கைதான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், உடலில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனாக மாறுகிறது. சிலருடைய நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் உள்ள வேர்களுக்கு அந்த ஹார்மோன் ஒத்துக்கொள்வதில்லை. அதன் தாக்கத்தில் வேர் சிறுத்துக்கொண்டே போகிறது. தடித்த முடி மெலிகிறது. மெலிந்த முடி பூனைமுடியாகிறது. பக்கவாட்டிலும் பிடரியிலும் உள்ள வேர்களை அந்த ஹார்மோன் அவ்வளவாகத் தாக்குவதில்லை. அதனால்தான் எவ்வளவு வழுக்கை விழுந்தாலும் காதைச் சுற்றி முடி மிஞ்சுகிறது.

ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். பருவமடைவதற்கு முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதும், அவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது பரம்பரை உள்ளவர்களுக்கு முடி மெலியத் தொடங்கியது என்பதும் அவர் கண்டது. இன்றும் டாக்டர்கள் வழுக்கையின் நிலையை 7 படிகளாகப் பிரிப்பது அவர் போட்ட வரிசையைத் திருத்தி அமைத்த முறைப்படிதான்.

'வாப்பாவுக்கு முடி நிறைய இருக்கிறதே, எனக்கு ஏன் கொட்டுகிறது?' என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இந்தப் பரம்பரை இரு வழியிலும் வரும். இதில் முக்கியமான ஒரு மரபணு உம்மாவிடமிருந்து வருகிறது. ஆகவே உம்மாவின் வாப்பாவையும் மாமாமார்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தொப்பியும் வெளிநாட்டுத் தண்ணீரும்

தொப்பி போட்டால் காற்று போகாமல் முடி கொட்டும் என்பது தவறான எண்ணம். முடியின் வேருக்குப் பிராணவாயு கிடைப்பது இரத்தத்திலிருந்து, வெளிக்காற்றிலிருந்து அல்ல. ஆனால் வியர்வை ஊறிய தொப்பியையும் ஹெல்மெட்டையும் துவைக்காமல், உலர்த்தாமல் போட்டால் பொடுகும் வேர்க்கொப்புளமும் கூடும். குற்றம் தொப்பியில் இல்லை, அழுக்கில் இருக்கிறது.

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அங்குள்ள தண்ணீரைக் குறை சொல்வார்கள். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் முடியைக் கரடுமுரடாக்கும். சிக்கு விழுந்து முடி நடுவில் ஒடியலாம். ஆனால் நெற்றி ஏறுவதும் உச்சி தெளிவதும் தண்ணீரால் வருகிறவை அல்ல. நம் பிள்ளைகள் விமானம் ஏறும் வயது 21 முதல் 30 வரை. பரம்பரை வழுக்கை வெளியே தெரியத் தொடங்கும் வயதும் அதுவே. இரண்டும் ஒன்றாக வருவதால் பழி தண்ணீர் மீது விழுகிறது. ஊரிலேயே இருந்திருந்தாலும் அவருக்கு அந்த முடி போயிருக்கும்.

திடீரெனக் கொத்தாகக் கொட்டினால்

வழுக்கை மெதுவாக, வருடக்கணக்கில் வருவது. குளிக்கும்போது கை நிறைய முடி வருகிறது, தலை முழுவதும் ஒரே சீராகக் குறைகிறது என்றால் காரணம் வேறு. இதற்கு இரண்டு மூன்று மாதம் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற கடும் காய்ச்சல், ஆபரேஷன், விபத்து, பட்டினி கிடந்து உடலை இளைத்தது, குடும்பத்தில் பெரும் துக்கம், இப்படி ஏதாவது ஒன்று அப்போது நடந்திருக்கும். உடல் அந்தச் சமயத்தில் நிறைய முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. ஓய்வு 3 மாதம் என்பதால் உதிர்வது அப்போது தெரிவதில்லை; பிறகுதான் தெரிகிறது. காரணம் நீங்கிவிட்டால் இந்த முடி பெரும்பாலும் 6 மாதத்துக்குள் திரும்ப முளைக்கத் தொடங்கிவிடும். இதற்காக ஆயிரக்கணக்கில் எண்ணெய் வாங்க வேண்டியதில்லை. பயமில்லாமல் பொறுத்திருந்து, நன்றாகச் சாப்பிட்டாலே போதும்.

ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை தேவை. தைராய்டு கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும் முடியைக் கொட்டவைக்கும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பெண்களுக்கு மாதவிடாயால் இரும்புச்சத்து குறையலாம். ஆணுக்குக் குறைந்தால் அந்த இரத்தம் எங்கே போகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். மூலம், வயிற்றுப்புண், குடல் புழு, சில நேரம் குடலில் கட்டி என்று காரணம் உள்ளே இருக்கலாம். சத்து மாத்திரை மட்டும் வாங்கி விழுங்கினால் நோயை மூடி மறைத்ததாகிவிடும்.

சில மருந்துகளாலும் முடி கொட்டும். வலிப்புக்கான வால்புரோயேட், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவை இவ்வகை. முடிக்குப் பயந்து இவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

அரிப்பும் செதிலும்

தலை அரிப்புக்கு மிகச் சாதாரணமான காரணம் பொடுகு. நம் எல்லோருடைய தலைத்தோலிலும் மலசீசியா என்ற பூஞ்சை இருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்கு உணவு. சிலருக்கு அது பெருகி, தோல் அதை எதிர்த்துச் சிவந்து செதில் உதிர்க்கிறது. புருவம், மூக்கின் ஓரம், காதுக்குப் பின்னால், தாடிக்குள் என்று எண்ணெய் சுரக்கும் மற்ற இடங்களிலும் மஞ்சள் கலந்த செதில் தெரிந்தால் அது முற்றிய பொடுகு.

இங்கேதான் வீட்டு வைத்தியம் தலைகீழாகப் போகிறது. 'தலை காய்ந்து போய் அரிக்கிறது' என்று நினைத்து உம்மாமார்கள் எண்ணெயை ஊற்றித் தேய்த்துவிடுவார்கள். எண்ணெயில் வாழும் பூஞ்சைக்கு அது விருந்து. பொடுகு இருக்கும்போது எண்ணெய் வைத்து ஊறவிடாமல் இருப்பதே நல்லது. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரத்துக்கு 2 முறை தேய்த்து, 5 நிமிடம் ஊறவைத்துக் கழுவினால், பெரும்பாலோருக்கு 4 வாரத்தில் அடங்கும். போட்டவுடன் கழுவிவிட்டால் பயன் இல்லை. தாடியிலும் அதையே தேய்க்கலாம். பொடுகு திரும்பத் திரும்ப வரும் தன்மையுள்ளது. அடங்கிய பிறகும் வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ தேய்த்து வர வேண்டியிருக்கும்.

பொடுகால் மட்டும் வழுக்கை விழாது. ஆனால் நகத்தால் சொறிந்து சொறிந்து முடி ஒடியும்; கொட்டுவதும் சற்றுக் கூடும். பரம்பரை வழுக்கையும் பொடுகும் ஒரே ஆளுக்கு இருப்பது மிகச் சாதாரணம். அப்போது இரண்டுக்கும் தனித்தனியே மருந்து வேண்டும். பொடுகு போனால் அரிப்பு நிற்கும். நெற்றி முடி அதனால் திரும்பி வந்துவிடாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

வெள்ளி நிறத்தில் தடித்த செதில்கள், முடி முடியும் எல்லையைத் தாண்டி நெற்றிக்கும் பிடரிக்கும் பரவி, முழங்கையிலும் முழங்காலிலும் அதே போல் இருந்தால் அது சொரியாசிஸ். இது தொற்றுநோய் அல்ல. மூட்டு வலியும் சேர்ந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்து எல்லோருக்கும் சேர்ந்தே அரித்தால், முதலில் பேன் இருக்கிறதா என்று பாருங்கள்.

வட்டமாக விழும் சொட்டை

ஒரு ரூபாய் அளவில் வட்டமாக, தோல் வழவழப்பாக, தலையிலோ தாடியிலோ திடீரெனச் சொட்டை விழுவதைப் புழுவெட்டு என்கிறோம். பெயரில்தான் புழு இருக்கிறது. உண்மையில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் எதிர்ப்பு சக்தி தன் முடி வேரையே அந்நியன் என்று நினைத்துத் தாக்குவதால் வருவது இது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. வேர் அழிவதில்லை என்பதால் சிறிய சொட்டைகள் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே மூடிவிடும். விரைவில் மூட டாக்டர் அந்த இடத்தில் ஊசி போடுவார். எருக்கம்பால், பூண்டு, மிளகு விழுது என்று காரமானவற்றைத் தேய்த்துத் தோலை வேகவைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அப்படிப் புண்ணாகித் தழும்பு விழுந்தால், தானாக வந்திருக்க வேண்டிய முடியும் வராமல் போகும்.

சிறுவர்களுக்குச் செதிலோடும், ஒடிந்த குத்து முடியோடும் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு அல்ல, தலைப்படர்தாமரையாக இருக்கலாம். இது தொற்றும். பள்ளிக்கூடத்திலும் மதரஸாவிலும் தொப்பியையும் சீப்பையும் மாற்றிப் பயன்படுத்துவதால் பரவும். சிலருக்கு அந்த இடம் வீங்கி, சீழ் கோத்து, கழுத்தில் நெறி கட்டும். இதற்குக் களிம்பு மட்டும் போதாது. பூஞ்சை வேருக்குள் இருப்பதால் டாக்டர் சொல்லும் மாத்திரையைப் பல வாரங்கள் சாப்பிட வேண்டும்.

தள்ளிப்போடக் கூடாதவை

பிடரியில் ஒட்ட வெட்டி, பிளேடால் கோடு போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு, அந்த இடத்தில் குரு குருவாக வந்து, நாளடைவில் கெட்டியான தழும்புக் கட்டிகளாக மாறுவதுண்டு. முடி வளைந்து தோலுக்குள்ளேயே குத்தி வளர்வதும், இறுக்கமான காலர் உரசுவதும், ஒட்டச் சிரைப்பதும் இதைக் கூட்டும். ஆரம்பத்திலேயே பிளேடை நிறுத்தி மருந்து போட்டால் அடங்கும். கட்டியான பிறகு வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

வேர்களில் சீழ்க்கொப்புளம் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பரிசோதனை கட்டாயம். சர்க்கரை நோய் முதன்முதலாகத் தெரியவருவது சில சமயம் இப்படித்தான்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது தழும்பு விழும் முடி இழப்பு. அரிப்பு, எரிச்சல், தொட்டால் வலி, முடி வேரைச் சுற்றிச் சிவப்பு அல்லது சாம்பல் செதில், முடி போன இடத்தில் வேர்த்துளைகளே தெரியாமல் பளபளப்பு, ஒரே துளையிலிருந்து பொம்மை முடி போல நாலைந்து முடி கொத்தாக எழுவது ஆகியவை இதன் அடையாளங்கள். இங்கே வீக்கம் வேரையே அழித்துக்கொண்டிருக்கிறது. போன முடி திரும்பாது. ஆனால் இருக்கும் முடியைக் காப்பாற்றலாம். தேவைப்பட்டால் டாக்டர் தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார். அதற்குப் பயப்பட வேண்டாம். எந்த நோய் என்று சந்தேகமறத் தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும்.

இன்னும் இரண்டு செய்திகள். தலையின் ஒரு பக்கம் மட்டும் சுள்ளென்று எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கியாக இருக்கலாம். கண் அருகில் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, புதிதாகத் தலைவலியும், சீப்பு பட்டாலே தலைத்தோல் வலியும், மெல்லும்போது தாடை வலியும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் இரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். இது அரிது. ஆனால் தாமதித்தால் பார்வை போகும்.

மருதாணியும் கருப்புச் சாயமும்

தலைக்கும் தாடிக்கும் சாயம் போடும் பெரியவர்கள் பலர். சுத்தமான மருதாணி இலைப் பொடி ஒவ்வாமை தருவது அரிது. அது தரும் நிறம் சிவப்பு. கடையில் 'கருப்பு மருதாணி' என்று விற்பவற்றில் இலை மட்டும் இருப்பதில்லை. கருநிறத்துக்காகப் பாராஃபினைலின் டையமின் என்ற ரசாயனம் சேர்க்கப்படுகிறது. கருப்பு ஹேர் டைகளில் பெரும்பாலானவற்றிலும் இதுவே உண்டு. பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் திடீரென ஒவ்வாமை தொடங்கலாம். அரிப்பு, நீர் வடிதல், காது சிவத்தல், கண் இமையும் முகமும் வீங்குதல் என்று அது காட்டும். ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் அந்தச் சாயம் ஆகாது. வேறு கம்பெனி மாற்றிப் பயனில்லை, ரசாயனம் ஒன்றுதான். பாக்கெட்டில் சொல்லியிருப்பதுபோல், போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் துளி தடவிப் பார்ப்பது நல்லது. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் களிம்பு

தலை அரிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொன்னால், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்த ஒரு ட்யூபை எடுத்துத் தந்துவிடுகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். அதனால் நல்ல மருந்து என்று நம்பிவிடுகிறோம். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்குகிறது, பூஞ்சையைக் கொல்வதில்லை. படர்தாமரை உருவம் மாறி உள்ளே பரவும். தோல் மெலிந்து போகும். வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். கேட்டு வாங்காமல் இருப்பது நம் பொறுப்பு.

பயோட்டின் மாத்திரையும் அப்படியே. சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பயோட்டின் குறைவு வருவது மிக அரிது. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு பரிசோதனையிலும், மாரடைப்பைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையிலும் தவறான முடிவு வரக்கூடும். சாப்பிடுகிறவர்கள் இரத்தம் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட வேண்டும்.

பரம்பரை வழுக்கைக்கு மருந்து உண்டா?

உண்டு, ஆனால் எல்லை உண்டு. மினாக்ஸிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடலில் முடி வளர்வதைப் பார்த்து, தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும்; பயந்து விட்டுவிடக் கூடாது. உச்சியில் ஓரளவு பலன் தரும், முன்நெற்றியில் குறைவு. நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைதான். தலை சிவந்து புண்ணாக இருக்கும்போது தடவக் கூடாது. சிலருக்கு அந்தத் திரவமே அரிப்பைத் தரும். தடவிய பிறகு சுமார் 4 மணி நேரம் தலை நனையாமல் இருக்க வேண்டும் என்பதால், ஃபஜ்ருக்குப் பிறகும் இஷாவுக்குப் பிறகும் தடவிக்கொள்வது நமக்கு வசதி. அடுத்த ஒளுவுக்குள் மருந்து ஊறிவிடும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இரண்டாவது, ஃபினாஸ்டரைடு மாத்திரை. மேலே சொன்ன ஹார்மோன் மாற்றத்தைக் குறைத்து வேலை செய்கிறது. டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. சிலருக்கு ஆண்மைக் குறைவு, மனச்சோர்வு போன்றவை வரலாம். வந்தால் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. வயிற்றிலுள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கும். இதைச் சாப்பிடுகிறவர் இரத்ததான முகாமில் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது 1 மாதம் கழித்துத்தான் இரத்தம் கொடுக்கலாம். பிராஸ்டேட் பரிசோதனையின் அளவையும் இது பாதியாகக் குறைத்துக் காட்டும்.

முடி நடுதல் என்பது பிடரி முடியை வேரோடு எடுத்து முன்னால் வைப்பது. இது அழகு நிலைய வேலை அல்ல, ஆபரேஷன். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் அதன் பிறகு உயிரிழந்தது நாடெங்கும் செய்தியானது. தகுந்த பயிற்சி பெற்ற பதிவு பெற்ற டாக்டர்தான் இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. செய்யப்போகிறவர் டாக்டரா, மயக்க மருந்தால் ஏதாவது ஆனால் சமாளிக்க வசதி இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். தழும்பு விழும் நோய் அடங்காமல் இருக்கும்போது முடி நட்டால் நட்டதும் போகும்.

பிளேடு விஷயத்தில் கவனம்

உம்ராவிலும் ஹஜ்ஜிலும் தலை மழிக்கும்போதும், பிறந்த குழந்தைக்கு முடி இறக்கும்போதும், உறை பிரிக்காத புது பிளேடா என்று கண்ணால் பார்த்துவிட்டு உட்காருங்கள். ஒருவருக்குப் போட்ட பிளேடை மற்றவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி, மற்றும் எச்.ஐ.வி. பரவ வழியுண்டு. நெருக்கடியில் ஒருவருக்கொருவர் ஒரே பிளேடால் மழித்துக்கொள்ளக் கூடாது. மழிப்பதால் முடி அடர்த்தியாக வளராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குக் கனமாகத் தோன்றுகிறது. வேரின் எண்ணிக்கை அதேதான்.

டாக்டரிடம் போகும்போது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காட்டுவதற்குக் கட்டணம் இல்லை. போகும்போது இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்:

1. எப்போது தொடங்கியது; மெதுவாகவா, திடீரென்றா.
2. கடந்த 6 மாதத்தில் வந்த காய்ச்சல், ஆபரேஷன், உடல் இளைப்பு.
3. சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை; தடவிய களிம்பின் ட்யூப்; சாயத்தின் பாக்கெட்.
4. இரு வழிக் குடும்பத்திலும் யாருக்கு வழுக்கை.
5. ஒரு வருடம் முன்பு எடுத்த போட்டோ ஒன்று.

அன்று தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள். எண்ணெய் இருந்தால் செதிலும் சிவப்பும் மறைந்துவிடும்.

ஒரு வாரத்துக்குள் காட்ட வேண்டியவை: சீழ், வலி, எரிச்சல், பளபளப்பான சொட்டை, வேகமாகப் பெருகும் வட்டச் சொட்டை, சிறுவர்களின் செதில் சொட்டை. அன்றைக்கே காட்ட வேண்டியவை: முகம் வீங்குதல், கண் அருகே கொப்புளம், பார்வை மங்கலோடு தலைத்தோல் வலி.

இவை எதுவும் இல்லாமல், அரிப்பும் வலியும் இல்லாமல், நெற்றி மட்டும் மெல்ல ஏறுகிறதா? அது நோயே அல்ல. மருந்து போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் விருப்பம். போடாமல் விட்டால் உடம்புக்கு ஒன்றும் கெட்டுவிடாது. கடன் வாங்கிச் செய்ய வேண்டிய சிகிச்சை இதில் எதுவும் இல்லை என்பதை வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பெண் கொடுக்கும் குடும்பத்தாரும் மாப்பிள்ளையின் குணத்தையும் உழைப்பையும் விசாரித்துவிட்டு, முடியைக் கடைசியில் வைக்கட்டும்.

தலை அரித்தால், எரிந்தால், வலித்தால் மட்டும் எண்ணெய்ப் புட்டியைத் தேடாதீர்கள்; டாக்டரைத் தேடுங்கள். நேரத்தோடு போனால், இன்ஷா அல்லாஹ், இருக்கும் முடியாவது மிஞ்சும்.